கத்தியைக் கீழே வை

பிரிஸ்பேனிலிருந்து அண்ணன் மகன் பிரவீன் வந்திருந்தான். ஃபிஜித் தீவில், நமாகா என்ற ஊரில், நாடி விமான நிலையத்துக்குக் கூப்பிடு தூரத்தில் என் வீடு. வந்த பிள்ளை சோறு தின்று கை கழுவியதும் செய்த முதல் காரியம், கைப்பேசியை என் மூக்குக்கு நேராக நீட்டியதுதான். அதில் ஒரு தாடிக்காரர் மடக்குக் கத்தி ஒன்றைத் திறந்து மூடித் திறந்து மூடிப் பேசிக்கொண்டிருந்தார். காகிதத்தைக் கீறினார். கயிற்றை அறுத்தார். தன் முன்கை முடியைச் சிரைத்துக் காட்டிவிட்டு, உலகத்தையே ஜெயித்தவர் மாதிரி சிரித்தார். இப்படிக் கத்திகளையும் டார்ச் விளக்குகளையும் கூடாரங்களையும் கையில் எடுத்துச் சோதித்துச் சொல்வதே அவருக்குப் பிழைப்பாம். எங்கள் காலத்தில் இதை எல்லோரும் இலவசமாகவே செய்துகொண்டிருந்தார்கள், அதுவும் கடைக்காரனின் உயிரை எடுத்துக்கொண்டு.

"அத்தே, தேக்கோ! சேம் நைஃப்!" என்று பையிலிருந்து அதே கத்தியை எடுத்தான் பிரவீன். தமிழில் அவனுக்குத் தெரிந்தது அத்தை, சோறு, போதும், அவ்வளவுதான். மிச்சத்தை இங்கிலீஷிலும் எங்கள் ஊர் இந்தியிலும் ஒப்பேற்றிவிடுவான். கத்தியைத் திறந்து, அப்படியே என் கைக்கு நீட்டினான்.

நான் வாங்கவில்லை. "கீழே வை" என்றேன். புரியாமல் முழித்தான். "நீச்சே ரக்" என்றேன். அத்தைக்கு ஏதோ கோபம் என்று பயந்துகொண்டு மேசைமேல் வைத்தான். கோபம்தான். அவன்மேல் இல்லை. யார்மேல் என்று சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். அவன் அப்பாவின், அதாவது என் அண்ணனின் வலது கை எப்படிப் போனது என்பதையும் சொல்ல வேண்டும்.

முதலில் அந்தக் கத்தியைப் பற்றி. மேசையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். கனம் பரவாயில்லை. மூட்டில் ஆட்டம் இல்லை. முகர்ந்தேன், ஒரு வாசனையும் இல்லை. சரி, அடுப்படிக்காவது ஆகுமா என்று ஒரு மரவள்ளிக்கிழங்கை எடுத்து உரித்துப் பார்த்தேன். அலகு உளி கனத்துக்கு இருந்தால் தோல் எங்கே தனியாக வரும்? தோலோடு பாதிக் கிழங்கும் போயிற்று. தாடிக்காரர் ஏன் கிழங்கு உரித்துக் காட்டவில்லை என்று கேட்டேன். பிரவீனுக்கு முகம் சுண்டிவிட்டது. பாவம், ஆசையாக வாங்கியிருக்கிறான். என் கைப்பையில் கல்யாணத்துக்கு முன்பிருந்தே கிடக்கும் எலும்புப்பிடி பேனாக்கத்தியை எடுத்து மிச்சக் கிழங்கை உரித்து முடித்தேன். அது தேய்ந்து தேய்ந்து பல்குச்சி மாதிரி ஆகிவிட்டது. ஆனாலும் கிழங்கு அதற்குக் கட்டுப்படும்.

கத்தி என்றால் வாசனை வேண்டும் எனக்கு. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மூக்கில் ஏறி உட்கார்ந்துகொண்ட வாசனை அது. நமாகா கடைத்தெருவில் ஒரு குஜராத்திக்காரரின் ஹார்டுவேர் கடை. எல்லோரும் அவரைச் சேட் என்போம். இங்கிலாந்திலிருந்து வரும் கரும்பு வெட்டும் கத்திகளைக் கிரீஸ் தடவிப் பழுப்புக் காகிதத்தில் சுற்றியிருப்பார்கள். அந்தக் கிரீஸ், பீப்பாய் மண்ணெண்ணெய், புதுக் கோணி, ரப்பர் பூட்ஸ் எல்லாம் கலந்த ஒரு நெடி. வீட்டுக்குப் போனால் அம்மா, "போய்க் குளிச்சிட்டு வாடி, பூட்ஸ் வாசன வருது" என்பாள். இப்போது யாராவது அந்த நெடியைச் சீசாவில் அடைத்து விற்றால் வாங்கிக் கழுத்தில் தடவிக்கொள்வேன்.

என்னைக் கல்லாவில் உட்கார வைக்கத்தான் எடுத்தார் சேட். கொஞ்ச நாளிலேயே கத்தி விற்கும் பலகைக்குத் தள்ளிவிட்டார். கரும்புக்காரர்கள் கத்தி வாங்கும் அழகை அவரால் பொறுக்க முடியவில்லை. ஒருவர் கத்தி முனையைச் சிமெண்டுத் தரையில் ஊன்றி வில் மாதிரி வளைப்பார். விட்டதும் நிமிர்ந்தால் எஃகு, வளைந்தபடியே நின்றால் தகரம். இன்னொருவர் விரல் முட்டியால் தட்டிக் காதில் வைத்துக் கேட்பார். வேறொருவர் சொந்த அரத்தைக் கையோடு கொண்டுவந்து, விற்காத கத்தியின் ஓரத்தை ராவிப் பார்ப்பார். அரம் வழுக்கினால் "கடினம், வேணாம்" என்பார். கடித்துப் பிடித்தால் "மெத்து, வேணாம்" என்பார். டார்ச் விளக்கு வாங்க வந்தவர் அதை எடுத்துக்கொண்டு சாக்கு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பூட்ஸ் வாங்க வந்தவர் அதற்குள் தண்ணீர் ஊற்றி ஒழுகுகிறதா என்று பார்த்துவிட்டு, ஈர பூட்ஸ் வேண்டாம், வேறு கொடு என்பார். இந்தக் கூத்துக்கு நடுவே நான் நாட்டாமை.

என் அண்ணன் சின்னசாமியின் சோதனை வேறு மாதிரி. கண்ணை மூடிக்கொண்டு, பிடியைத் தளர்வாகப் பிடித்து, கத்தியின் முதுகால் பலகையில் ஒரு தட்டு தட்டுவான். அதிர்வு உள்ளங்கையில் நின்றால் நல்ல கத்தி. முழங்கை வரை ஏறினால் ஆகாது. "நாளெல்லாம் வெட்டணும் தங்கச்சி, கை தான் சொல்லணும். காது இன்னாத்துக்கு?" என்பான். ஒரு கத்தி தேறுவதற்குள் பலகையில் இருக்கிற அத்தனையும் அவன் கையில் ஏறி இறங்கும். தேறிய கத்தியை வீட்டுக்குக் கொண்டுபோய், பிடியில் சைக்கிள் ட்யூபைச் சுற்றி, அரம் போட்டு, ஞாயிறு முழுக்க அதோடு குடித்தனம் நடத்துவான். பெண்டாட்டிக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது.

அவனோடு எப்போதும் ஜோனே வருவான். ஜோனே பக்கத்து ஃபிஜியர் ஊர்க்காரன். அண்ணன் குத்தகைக்கு வைத்திருந்த கரும்புக் காடு அவன் ஊர்க்காரர்களுடைய நிலம். இருவரும் ஒரே வெட்டுக் குழு. பசங்களாக இருந்ததிலிருந்தே பக்கத்துப் பக்கத்துச் சால் வெட்டியவர்கள். அண்ணனைப் பார்த்து அவனும் என்னைத் தங்கச்சி என்றே கூப்பிடுவான். அவன் சோதனை எளிது. கத்தியோடு வெளியே போய்க் கடை வேலியிலிருக்கும் செம்பருத்தியை ஒரே வீச்சில் சீவுவான். சேட் உள்ளேயிருந்து அலறுவார். ஜோனே உடம்பு குலுங்கச் சிரிப்பான். அந்தக் கடை இருந்தவரை அந்த வேலி முழங்காலுக்கு மேல் வளரவே இல்லை.

இவ்வளவு அமர்க்களத்திலும் ஒன்றுக்கு மட்டும் விலக்கு கிடையாது. என் பலகையில் கத்தி கைக்குக் கை மாறாது. நான் பலகையில் வைப்பேன், பிடி அவர்கள் பக்கம் இருக்க. ஓரடி தள்ளி நிற்பேன். அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். திருப்பித் தருவதும் அப்படியே. கையில் கொடுத்தால் கொடுத்தவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை வரும் என்பது எங்கள் வீடுகளில் எல்லாம் சொல்வதுதான், உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். கரும்பு வெட்டுக் குழுவில் அது சட்டம் மாதிரி. ஒரு காட்டில் இத்தனை பேர் கையில் கத்தியோடு வெயிலில் காய்கிறார்கள், சண்டை வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஆரம்பத்தில் ஜோனேவுக்கு இது வேடிக்கையாக இருந்தது. பிறகு எங்களைவிட அவன்தான் கறாராகிவிட்டான். புதிதாக வந்த ஒரு பையன் அண்ணனிடம் கத்தியை நீட்டியபோது, "சேகா! நீச்சே ரக்கோ!" என்று பாய்ந்து தடுத்தவன் அவன். சேகா என்றால் ஃபிஜிய மொழியில் இல்லை, கூடாது என்று அர்த்தம்.

அப்புறம் அந்த வருஷம் வந்தது. இந்தியர்கள் ஓட்டில் வந்த அரசாங்கம் என்று சொல்லி, ராணுவம் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து அதைத் தூக்கியது. பத்திரிகைகள் அதற்குப் புரட்சி என்று மரியாதையாகப் பெயர் வைத்தன. எங்கள் தெருவில் வைத்த பெயரை அச்சில் போட முடியாது. ஓட்டுப் போட்டது எங்கள் குற்றம். பிறந்தது குற்றம், கடை வைத்தது குற்றம், கரும்பு நட்டது குற்றம். நாலு தலைமுறையாக இந்த மண்ணில் குனிந்தே நின்றவர்களைப் பார்த்து, ஊரைப் பிடித்துக்கொண்டீர்கள் என்றார்கள். எதை ஐயா பிடித்தோம்? கத்திப் பிடியைத் தவிர எதைப் பிடித்தோம்?

படித்தவர்கள் முதலில் கிளம்பினார்கள். அண்ணனுக்கும் பிரிஸ்பேனிலிருந்து மச்சான் ஆள் மேல் ஆள் விட்டுக்கொண்டிருந்தான். அண்ணன் அசையவில்லை. "அங்க போயி நான் இன்னா வெட்டறது, புல்லா?" என்பான். கத்தி பிடிக்கிற கை இருக்கும்வரை இந்தக் காட்டை விட மாட்டேன் என்று கோயிலில் வைத்தே சொன்னான். நாங்கள் எல்லோரும் அவன் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் தைரியமாக இருந்தோம்.

அந்த வருஷம் வெட்டு தாமதமாகத் தொடங்கியது. சாலையெங்கும் ராணுவச் சோதனை. ஒரு நாள் சாயங்காலம், கடை விட்டு வந்த நான் வெட்டுக் குழுவின் லாரியில் ஏறிக்கொண்டேன். டிரைவருக்குப் பக்கத்தில் நான், பின்னால் ஆட்கள். அண்ணன் பின்னால் உட்கார்ந்து கத்திக்கு அரம் போட்டுக்கொண்டு வந்தான். பாலத்துக்கு முன்னால் சிப்பாய்கள் வண்டியை மறித்தார்கள். பின்னால் இருந்த எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். சிப்பாய்களில் ஒருவன் ஜோனே. உடுப்பு போட்டு, துப்பாக்கியோடு. ராணுவத்தில் ஆள் எடுத்தபோது அவனும் போயிருந்தது எங்களுக்குத் தெரியும். அவனைப் பார்த்ததும் எனக்கு உயிர் வந்தது. நம்ம ஜோனே நிற்கிறான், இனிப் பயமில்லை என்று நினைத்தேன். அந்த நினைப்பை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு என்னையே அறையத் தோன்றுகிறது.

மற்றவர்களின் கத்திகள் லாரியில் கோணிக்குள் கிடந்தன. அண்ணனுடையது மட்டும் கையில். வேறு தீவிலிருந்து வந்திருந்த ஒரு சிப்பாய் அவன் முன்னால் வந்து கையை நீட்டினான். "நைஃப்! கிவ் இட் டு மீ!"

அண்ணன் என்ன செய்திருப்பான் என்று உங்களுக்குத் தெரியும். குனிந்தான். பிடி சிப்பாயின் பக்கம் இருக்கும்படி, கத்தியைத் தார் ரோட்டில் வைத்தான். ஆயுள் முழுக்கச் செய்ததைச் செய்தான். சண்டை வேண்டாம் என்று செய்தான். சிப்பாய்க்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. என் கையில் தர மாட்டாயா, என் காலடியில் எறிகிறாயா. அண்ணன் கையை எடுப்பதற்குள் பூட்ஸ் இறங்கிவிட்டது. விரல்கள்மேல், மறுபடி, மறுபடி. கீழே கத்தியின் அலகு.

நான் லாரியிலிருந்து குதித்து ஓடினேன். "ஜோனே! சொல்லு! உனக்குத் தெரியும்ல! கீழதான் வெப்போம்னு சொல்லு அவனுக்கு!" தமிழில் கத்தினேன், இந்தியில் கத்தினேன். அவர்கள் மொழியில் அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தான்? முகத்தைத் திருப்பி ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றான். மிதித்து முடித்த சிப்பாய் கத்தியைக் குனிந்து எடுத்துக்கொண்டான். கடைசியில் அவனும் அதைத் தரையிலிருந்துதான் எடுத்தான்.

ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்தபோது அண்ணனின் வலது கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. கட்டைவிரலுக்குப் பலம் இல்லை. ஆறிவிடும், ஆறிவிடும் என்று எண்ணெய் போட்டு நீவிக்கொண்டிருந்தாள் அண்ணி. ஒரு சனிக்கிழமை கடைக்கு வந்தான். தனியாக. பலகையைப் பார்த்தான். நான் ஒரு கத்தியை வைத்தேன். எடுத்தான், கண்ணை மூடினான், முதுகால் தட்டினான். கத்தி கையிலிருந்து நழுவி விழுந்தது. அடுத்ததை வைத்தேன். மெல்லிய பிடி உள்ளது ஒன்று. தடித்த பிடி உள்ளது ஒன்று. பிடியில் நானே ட்யூபைச் சுற்றிச் சுற்றி வைத்தேன். சின்னக் கத்தி, தோட்டக் கத்தி, பொம்பளைகள் புல் அறுக்கும் அரிவாள்கூட வைத்தேன். எல்லாம் விழுந்தது. கடையில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக வெளியே போய்விட்டார்கள். சேட் கல்லாவிலிருந்து எழுந்து உள்ளே போனார். அந்த மனுஷன் அழுததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

அண்ணன் கடைசிக் கத்தியைக் குனிந்து எடுத்து, இடது கையால் துடைத்துப் பலகையில் வைத்தான். பிடி என் பக்கம் இருக்க. "கத்தி எல்லாம் நல்லாத்தான் இருக்கு தங்கச்சி" என்றான்.

அடுத்த வெட்டுக் காலத்துக்கு முன்னால் அவர்கள் பிரிஸ்பேன் போய்விட்டார்கள். பிரவீன் அப்போது அண்ணி இடுப்பில் இருந்தான். விமான நிலையத்தில் அண்ணன் எனக்கு இடது கையால்தான் டாட்டா காட்டினான். குத்தகைக் காடு நிலத்துக்காரர்களிடம் திரும்பிப் போனது, கொஞ்ச நாளில் புதர் மண்டியது. பிறகு வந்த புரட்சிகளில் எங்கள் தெருவில் மிச்சமிருந்தவர்களும் போனார்கள். போனவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை வந்து கடற்கரை ஹோட்டலில் தங்கி, பூப்போட்ட சட்டை வாங்கிக்கொண்டு, "நீ மட்டும் ஏன் இங்க இருக்கே?" என்று என்னிடம் பரிதாபப்படுகிறார்கள். யாராவது ஒருத்தர் கோபத்தோடு இங்கேயே இருக்க வேண்டாமா?

ஜோனே ஒருநாள் கடைக்கு வந்தான். ராணுவத்திலிருந்து வந்துவிட்டிருந்தான். வேறு குழுவோடு வெட்டப் போகிறானாம். பலகைக்கு முன்னால் வந்து நின்று, "பூலா, தங்கச்சி" என்று வணக்கம் சொன்னான். ஒரு கத்தி வேண்டும் என்றான். இருப்பதில் நல்லதாக ஒன்றை எடுத்தேன். சும்மா சொல்லவில்லை, அண்ணனுக்குத் தேறியிருக்கும், அப்படி ஒரு கத்தி. கிரீஸைத் துடைத்தேன். பலகைக்குக் குறுக்கே, நேராக அவன் கைக்கு நீட்டினேன்.

அவன் வாங்கவில்லை. கத்தியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "சேகா, தங்கச்சி" என்றான் மெதுவாக. "நீச்சே ரக்கோ."

நான் வைக்கவில்லை. கை வலித்தது. நீட்டியபடியே நின்றேன். அவன் கண்ணில் தண்ணீர் நின்றது. நிற்கட்டும் என்று விட்டேன். சேட் ஏதோ கத்தினார், என் காதில் ஏறவில்லை. அவன் வாய் திறந்து ஏதாவது சொல்லுவான் என்று காத்திருந்தேன். பாலத்தில் சொல்ல வேண்டியதை இங்கேயாவது சொல்லட்டும் என்று. சொல்லவில்லை. திரும்பி வெளியே போனான். செம்பருத்தி வேலியைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி. மன்னிப்பது பெரிய மனசு என்று கோயிலில் எல்லோரும் எனக்குப் புத்தி சொல்கிறார்கள். அவர்களுடைய அண்ணன்மார்களுக்கு இரண்டு கையும் நன்றாக இருக்கிறது.

சேட் குடும்பமும் கடையை விற்றுவிட்டு ஆக்லாந்து போய்விட்டது. இப்போது அங்கே வெள்ளைக்காரப் பயணிகளுக்கு மரச் சாமான் விற்கிறார்கள். மரக் கத்திகூட உண்டு, பாலிஷ் போட்டு மினுமினுவென்று. போன மாதம் உள்ளே போய் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். வளைத்தேன், தட்டினேன். விற்கிற பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "இது வெட்டாது பாட்டி, ஷோவுக்கு" என்றாள் இந்தியில். தெரிகிறது அம்மா, தெரிகிறது. வேலி இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள்.

பிரவீன் கிளம்புவதற்கு முன்னால் கேட்டுவிட்டேன். வீட்டில் உன் அப்பா கத்தியை எப்படித் தருவார், வாங்குவார் என்று. அவனுக்குக் கேள்வியே விளங்கவில்லை. நடித்துக் காட்டினேன். "ஓ, நார்மல், அத்தே" என்றான், இங்கிலீஷும் இந்தியுமாக. "டாட் கையிலேயே குடுப்பார். நாங்க வாங்கிப்போம்."

அண்ணனே விட்டுவிட்டான். கையைக் கொடுத்துக் காப்பாற்றிய வழக்கத்தை விட்டுவிட்டான். அவன்மேல் எனக்கு என்ன உரிமை, அவன் கை, அவன் வீடு.

இன்றைக்குக் காலையில் நமாகா மார்க்கெட்டுக்குப் போனேன். ஜோனே அங்கேதான் இருக்கிறான், தலை நரைத்து, கோணியை விரித்து மரவள்ளிக்கிழங்கு விற்றுக்கொண்டு. அவனிடம் நான் வாங்குவதில்லை. பக்கத்துக் கோணியில் வாங்குவேன். அங்கே உட்கார்ந்திருந்த சின்னப் பெண்ணிடம், முனை அழுகலாகத் தெரிந்த ஒரு கிழங்கை நறுக்கிக் காட்டச் சொல்லி என் பேனாக்கத்தியை எடுத்தேன். பழக்கத்தில் கோணிமேல் வைத்தேன், பிடி அவள் பக்கம் இருக்க. அவள் எடுத்து நறுக்கிக் காட்டிவிட்டு, கத்தியை என் கையிலேயே திருப்பி நீட்டினாள். பக்கத்துக் கோணியிலிருந்து ஜோனே அவளிடம் அவர்கள் மொழியில் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னான். அந்தப் பெண் கத்தியை மறுபடி கோணிமேல் வைத்தாள்.

இந்த ஊரில் கத்தியைக் கீழே வைக்கிற ஆள் இப்போது நான் ஒருத்திதான். அதைத் தெரிந்து எடுக்கிற ஆள் அவன் ஒருத்தன்தான். அவனுக்கும் எனக்கும் பேச்சு கிடையாது.